ஆழ்கடல் பயணத்திற்கு எந்தப் பல்லுடல் பாய்ப்படகு? மூன்று பேர், இரண்டு ஆண்டுகள், மூன்று படகுகள்

நெடுந்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஏழு ஆண்டுகளாக 9.5 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் பாய்ப்படகை ஓட்டி வருகிறோம். அடுத்த ஆண்டு எங்கள் பதினான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் பெருங்கடல்களைக் கடக்க முடிவு செய்திருக்கிறோம். மனைவிக்கு முதுகுத்தண்டில் தொந்தரவு இருப்பதால், நாள்கணக்கில் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வாழ்வது அவருக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட உடல்கள் கொண்ட பல்லுடல் படகுதான் என்பதில் ஐயமில்லை. எந்தப் படகு என்பதில்தான் குழப்பம்.

மூன்று படகுகள் பார்வையில் இருக்கின்றன. முதலாவது, வாடகைப் படகாக ஓடிய 12.2 மீட்டர் கேட்டமரன் (இரட்டை உடல் படகு); அகலமான உடல்கள், படகு பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்க அடியில் நிலையாகப் பொருத்திய குட்டைக் கீல்கள், விசாலமான அறைகள். இரு உடல்களையும் இணைக்கும் பாலத்தளத்தின் அடிப்பகுதிக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே, படகு வெறுமையாக இருக்கும்போது 62 செ.மீ. இருக்கிறது. இரண்டாவது, 22 ஆண்டுகள் பழைய 11.5 மீட்டர் கேட்டமரன். மெலிந்த உடல்கள், கீலுக்குப் பதிலாக ஏற்றி இறக்கும் பலகைகளான டேகர்போர்டுகள், அதே இடைவெளி 78 செ.மீ. மூன்றாவது, 10.8 மீட்டர் ட்ரைமரன் (நடு உடலும் இரு பக்க மிதவைகளும் கொண்டது). ஓட்டிப் பார்த்தபோது மனத்தை அள்ளிக்கொண்டது, ஆனால் உள்ளே இடம் குறைவு. எதை முதலில் பார்த்து எதைத் தள்ளுவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கடல்வழி எழுதியது:

நெடுந்திரை அவர்களுக்கு, படகுகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் மூவரும் எடுத்துச் செல்லப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதிக் கூட்டுங்கள். கேட்டமரன் வாங்கும் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. ஒற்றை உடல் படகில் அரை டன் கூடுதலாக ஏற்றினால் அது சற்று மந்தமாகும், அவ்வளவுதான். மெலிந்த இரட்டை உடல் படகில் அதே அரை டன் படகின் குணத்தையே மாற்றிவிடும்.

நான் கையில் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. நீர்மட்டத்தில் படகு வெட்டும் பரப்பைக் கண்டுபிடித்தால், ஒரு செ.மீ. அமிழ எத்தனை கிலோ தேவை என்பது தெரிந்துவிடும். உங்கள் முதல் படகுக்கு அது தோராயமாக 170 கிலோ, இரண்டாவதற்கு 135 கிலோ இருக்கலாம். இப்போது சுமையைப் பாருங்கள்: குடிநீர் 600 லிட்டர் என்றால் 600 கிலோ, டீசல் 400 லிட்டர் ஏறக்குறைய 335 கிலோ, 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி 80 மீட்டர் 180 கிலோவுக்குக் குறையாது. சிறு ரப்பர் படகும் அதன் எஞ்சினும் 110 கிலோ. நீங்கள் மூவரும் 200 கிலோ. உணவு, உதிரிப் பாகங்கள், கருவிகள், பேட்டரிகள், சூரியத் தகடுகள், உயிர்காப்பு மிதவை, உடைகள், புத்தகங்கள் எல்லாம் சேர்ந்தால் கூட்டுத்தொகை 2,400 கிலோவை எளிதாகத் தொடும். அப்போது முதல் படகு 14 செ.மீ. அமிழ்ந்து, பாலத்தளத்தின் கீழ் 48 செ.மீ. மட்டுமே மிஞ்சும். இரண்டாவது 18 செ.மீ. அமிழ்ந்தாலும் 60 செ.மீ. மிஞ்சும்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதை, எதிர்க்காற்றில் மூன்று நாட்கள் ஓடிய எவரும் சொல்வார்கள். இரு உடல்களுக்கும் நடுவே எழும் அலை பாலத்தளத்தின் அடியில் சம்மட்டியைப்போல் மோதும். தட்டுகள் குதிக்கும், உறக்கம் கெடும், காலப்போக்கில் உள் இணைப்புகளும் தளரும். முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவருக்குச் சாய்வைவிட இந்த அதிர்ச்சிதான் கொடியது என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்று. ஐரோப்பிய விதிமுறைப்படி கட்டப்பட்ட படகில் தயாரிப்பாளரின் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 'ஏ' வகை என்றால், பியூபோர்ட் என்ற காற்று வலிமை அளவில் 8ஐத் தாண்டும் காற்றுக்கும் 4 மீட்டரைத் தாண்டும் அலைக்கும் வடிவமைக்கப்பட்டது என்று பொருள். அதே தகட்டில் உள்ள அதிகபட்சச் சுமையில், நிலையான தொட்டிகளில் நிரப்பும் நீரும் எரிபொருளும் சேராது. அதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

வெண்நுரை எழுதியது:

கடல்வழி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒற்றை உடல் படகிலிருந்து வருபவர் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் படகைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

உங்கள் பழைய படகு, காற்று கூடினால் சாயும். சாய்வதால் பாய் காற்றை வழியவிடும். உங்கள் கால்களுக்கும் செய்தி போய்ச் சேரும். கேட்டமரன் ஏறக்குறைய சாயவே சாயாது. அதன் நிமிர்த்தும் ஆற்றல், காற்றுப் பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் தருவாயில், அதாவது மிகச் சிறிய சாய்விலேயே, உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். கவிழ்ந்துவிட்டால், தலைகீழான நிலையும் அதற்கு ஓர் உறுதியான நிலை என்பதால், தானாக நிமிராது.

கணக்கு எளியது. படகின் எடை 8,000 கிலோ, இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர் என்று கொள்வோம். பாதி தூரமாகிய 2.5ஆல் பெருக்கினால் 20,000 கிலோ-மீட்டர். பாய்ப்பரப்பு 80 சதுர மீட்டர், காற்று பாயைத் தள்ளும் மையம் நீருக்குள் உள்ள எதிர்ப்பு மையத்திலிருந்து 8 மீட்டர் உயரம் என்றால், பாய் முழுவதும் விரிந்த நிலையில் பக்கவாட்டில் 35 முதல் 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வரையிலான காற்று உடலைத் தூக்கிவிடும். 40 நாட் காற்றில் யார் முழுப்பாய் விரிப்பார் என்று கேட்கலாம். 28 நாட் சீராக வீசும்போது வரும் ஒரு திடீர் வீச்சு 40ஐத் தொடும். காற்றின் விசை அதன் வேகத்தின் இருபடியாகக் கூடும் என்பதால், வேகம் நாற்பது விழுக்காடு கூடினால் விசை இரு மடங்காகிவிடும்.

என் சொந்த அனுபவம். பின்காற்றில் ஓர் இரவு, 23 நாட். முழுப் பெரும்பாய் விரித்திருந்தேன். மேசைமேல் வைத்திருந்த குவளையில் தேநீர் விளிம்புவரை இருந்தது. காற்றுமானி 33ஐக் காட்டியபோதும் அந்தத் தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. எச்சரிக்கை என்று எதுவுமே இல்லை. பாயைச் சுருக்க முயன்றபோதுதான் உண்மை தெரிந்தது. பெரும்பாலான கேட்டமரன்களில் பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கயிறு இல்லை. பக்கக் கயிறுகள் பின்னோக்கிச் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கும். அதனால் பின்காற்றில் பாய் அவற்றின்மீதும் பாய்மரத்தின் குறுக்குக் கைகளின்மீதும் அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. கயிற்றைத் தளர்த்தினாலும் இறங்கவில்லை. ஒவ்வொரு சாணாகக் கையால் இழுத்து இறக்குவதற்குள் இருபது நிமிடம் ஆயிற்று; பாயும் ஒரு முழ நீளத்திற்குக் கிழிந்தது. அன்றிலிருந்து எண்ணைப் பார்த்தே சுருக்குகிறேன்: 18 நாட்டில் முதல் சுருக்கு, 25க்கு முன் இரண்டாவது, இரவென்றால் பொழுது சாயும்போதே ஒன்று.

நெடுந்திரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. வெண்நுரை அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சூத்திரத்தின்படி எடை கூடினால் நிமிர்த்தும் ஆற்றலும் கூடுகிறது. அப்படியானால் சுமை ஏற்றுவது பாதுகாப்புதானே? கடல்வழி ஏன் அதைக் குறை என்கிறார்?

வெண்நுரை எழுதியது:

நல்ல கேள்வி. சூத்திரம் பொய்யில்லை, அது பக்கவாட்டில் கவிழ்வதை மட்டும் பேசுகிறது. ஆழ்கடலில் நான் அதிகம் அஞ்சுவது பின்காற்றில் படகின் அணியம் (முன்முனை) அமிழ்வதைத்தான்.

25 நாட் பின்காற்றில் நீங்கள் 12 நாட் வேகத்தில் ஓடினால், தளத்தில் உணரும் காற்று 13 நாட்தான். எல்லாம் அமைதியாகத் தோன்றும். அலையின் முதுகில் சறுக்கி இறங்கும் படகு, முன்னால் உள்ள அலையின் அடிவாரத்தில் அணியத்தைச் செருகி 5 நாட்டுக்கு வேகம் குறைந்தால், அதே நொடியில் உணரும் காற்று 20 ஆகிறது. பாயின்மீதுள்ள விசை இரு மடங்குக்கும் மேல் ஏறி, அமிழ்ந்த அணியத்தை மேலும் அழுத்துகிறது. சுமையால் ஏற்கெனவே 18 செ.மீ. தாழ்ந்துவிட்ட அணியத்தில், எழும்புவதற்கு மிஞ்சியிருக்கும் மிதப்பு எவ்வளவு? அதோடு, சாய்ந்து கொடுக்காத படகு என்பதால், கூடிய எடையின் விசை முழுவதும் பாய்மரத்தின்மீதும் கயிறுகளின்மீதும்தான் இறங்குகிறது.

நீளத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். ஒரே வடிவத்தை இரு மடங்காகப் பெரிதாக்கினால் கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகும். நிமிர்த்தும் ஆற்றலோ பதினாறு மடங்காகும். கடலின் அலை மட்டும் அதே அலைதான். ஆகையால் 10 மீட்டருக்குக் கீழே உள்ள கேட்டமரனைப் பெருங்கடலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

மும்முனை எழுதியது:

ட்ரைமரனைப் பற்றி யாரும் பேசவில்லை; பத்து ஆண்டுகளாக ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ட்ரைமரன் சற்றுச் சாயும். நடு உடல் நீரில் ஊன்றியிருக்க, மறைவுப் பக்கத்து (காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்து) மிதவை மெல்ல அழுந்துவதை உணரலாம். வெண்நுரை இழந்த அந்த எச்சரிக்கை இங்கே இருக்கிறது. எதிர்க்காற்றை நோக்கி நெருங்கிய கோணத்தில் ஓடுவதிலும், இரு உடல்களும் வெவ்வேறு அலையில் ஏறுவதால் வரும் திடுக்கென்ற உலுக்கல் குறைவாக இருப்பதிலும், அது பல கேட்டமரன்களை விஞ்சும். பிரான்ஸின் நீல் போன்ற தயாரிப்பாளர்கள் குடும்பப் பயணத்திற்கே விசாலமான ட்ரைமரன்களைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அவை ஏறக்குறைய 13 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை.

உங்கள் 10.8 மீட்டர் படகு அந்த வகை அன்று. அந்த நீளத்தில் தாங்கும் சுமை பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றியே இருக்கும். இருவர், ஒரு மாதம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். மூவர், இரண்டு ஆண்டுகள் என்றால் என் அன்புக்குரிய வகையாக இருந்தும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

கடல்வழி எழுதியது:

குட்டைக் கீலா, டேகர்போர்டா என்பதில் வெண்நுரையோடு எனக்கு எப்போதும் கருத்து வேறுபாடு உண்டு. குட்டைக் கீல் கொண்ட படகு தரை தட்டினால் கீல்மேல் உட்காரும்; சுக்கானும் எஞ்சின் விசிறியும் தப்பும். வேலை பார்க்க வேண்டுமானால் கடல் நீர் வற்றும் நேரத்தில் மணலில் நிறுத்தலாம். டேகர்போர்டு இறங்கியிருக்கும்போது பாறையிலோ மிதக்கும் மரத்திலோ மோதினால், பலகை மட்டும் உடைந்தால் நல்லூழ். அதன் உறையும் பிளந்தால் உடலுக்குள் நீர் புகும். குடும்பத்தோடு போகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெண்நுரை எழுதியது:

மறுக்கவில்லை. ஆனால் கரை மறைவுப் பக்கத்தில் இருந்து, காற்று நம்மை அதன்மேல் தள்ளும் நேரத்தில், எதிர்க்காற்றில் ஏறி வெளியேறும் திறன்தான் உயிர் காக்கும். ஆழமான பலகை அதைத் தருகிறது. புயலில் இரு பலகைகளையும் தூக்கிவிட்டால், பக்கத்திலிருந்து மோதும் அலையில் படகு இடறாமல் வழுக்கிச் செல்லும். கீலைத் தூக்க வழியில்லை. பலகையின் உறை, மோதலில் தான் உடைந்து மற்றதைக் காக்கும் பகுதியோடு கட்டப்பட்டதா, உறையைச் சுற்றி நீர்புகா அறை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் கடல்வழியின் அச்சத்தில் பாதி நீங்கும்.

உளிக்காரர் எழுதியது:

நான் ஓட்டுபவன் அல்லன், பழுது பார்ப்பவன். வாங்கப்போகும் பழைய படகில் என் கண் எங்கே போகும் என்பதைச் சொல்கிறேன்.

கேட்டமரனில் உடல்கள் இரண்டும் ஒவ்வோர் அலையிலும் ஒன்றையொன்று முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கைத் தாங்குபவை, பாய்மரத்தின் கீழும் பின்னாலும் உள்ள முதன்மைக் குறுக்குச் சுவர்கள். பல படகுகளில் அவற்றை அழகான மரப்பலகைகளால் மூடியிருப்பார்கள். விற்பவரின் அனுமதியோடு அந்தப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். சுவர் உடலோடு சேரும் இடத்தில் கண்ணாடியிழை ஒட்டுப் பட்டை இருக்கும். அதில் முடி அளவு விரிசலோ, வெண்மை படர்ந்த கோடோ, நகத்தால் நெருடினால் தூக்கிக்கொள்ளும் விளிம்போ இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. ஓர் எளிய சோதனையும் உண்டு: சலனமுள்ள நீரில் படகு நிற்கும்போது எல்லாக் கதவுகளையும் திறந்து மூடுங்கள். ஒரு கதவு மட்டும் அலைக்கு அலை இறுகினால் காரணம் கதவின் பிணைச்சலாக இருக்காது, அங்கே படகின் உடல் முறுக்கிக்கொள்வதாக இருக்கலாம்.

தளமும் பாலத்தளமும் நடுவே நுரையோ பால்சா மரமோ வைத்த அடுக்குப் பலகை. மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்ற ஒலி 'தொப்' என்று மாறும் இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது. ஒவ்வொரு சன்னலின் ஓரத்தையும், கைப்பிடிக் கம்பிகளின் அடியையும் ஈரமானியால் பாருங்கள். நீர் பெரும்பாலும் திருகு துளை வழியாகத்தான் நுழையும்.

கட்டுவதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்டமரன் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்றாலும், இரட்டை உடல் வடிவம் பாலினீசியர்களுடையது; கட்டுமரம் மரங்களை ஒன்றாக இறுக்கிய மிதவை. ஆனால் கயிற்றால் கட்டும் அறிவு இரண்டுக்கும் பொது. ஜேம்ஸ் வாரம் (Wharram) என்ற பிரிட்டிஷ் படகு வடிவமைப்பாளர் 1950களில் தானே கட்டிய சிறு இரட்டை உடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். பின்னாளில் அவர் வடிவமைத்த படகுகளில் குறுக்கு உத்தரங்களைக் கயிற்றாலேயே கட்டினார். 1976இல் ஹவாயிலிருந்து தஹிதிக்குக் வழிகாட்டும் கருவிகள் இல்லாமல் சென்ற ஹோக்குலேயா என்ற பாலினீசிய வகை இரட்டை உடல் படகின் உத்தரங்களும் கயிற்றுக் கட்டுதான். முறுக்கை எதிர்க்காமல் சற்றே இணங்கிக் கொடுக்கும் அந்தக் கட்டில் விரிசல் விடுவதற்கு ஒன்றுமில்லை. தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மறுபடி கட்டலாம். இன்றைய இறுகிய உடல்களில் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இவ்வளவு தேட வேண்டியிருக்கிறது.

மும்முனை எழுதியது:

கவிழ்ந்தால் என்ன என்பதையும் பேசிவிடுவோம். 1989 ஜூனில் ரோஸ்-நோயெல் என்ற ட்ரைமரன் தென் பசிபிக்கில் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் தலைகீழான படகிலேயே 119 நாட்கள் வாழ்ந்து, நியூசிலாந்தின் கிரேட் பேரியர் தீவில் உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஈயக் கீல் இல்லாத பல்லுடல் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மூழ்குவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அதற்குத் தகுந்தபடி படகு இருக்க வேண்டும். உடலின் பக்கச் சுவரில், கவிழ்ந்தபின் நீர்மட்டத்திற்கு மேலே வரும் தப்பிக்கும் கதவு இருக்கிறதா? அது உள்ளிருந்து கருவி இல்லாமல் திறக்கிறதா? அவசர ரேடியோ மிதவையும் குடிநீர்ப் பொதியும், தலைகீழான நிலையில் கை எட்டும் இடத்தில் கட்டப்பட்டிருக்கின்றனவா? உங்கள் மகளே அந்தக் கதவை இருட்டில் தடவித் திறந்து பழக வேண்டும்.

அந்த நிலைக்கே போகாமல் இருக்க, இரு உடல்களின் பின்முனைகளிலிருந்தும் கவர்க்கயிற்றில் (இரு கிளையாகப் பிரிந்த கயிறு) இழுத்துவிடும் தொடர்க்கூம்பு இழுவைத் தடை ஒன்றை, அதாவது நீரில் இழுபட்டுப் படகின் வேகத்தைக் குறைக்கும் சிறு துணிக்கூம்புகளின் சரத்தை, வாங்குங்கள். அகன்ற படகில் இரு முனைகளிலிருந்து இழுப்பதால், அலைக்குப் பின்புறம் நேராக நிற்பதில் கேட்டமரனுக்கு அது மிகவும் ஒத்துப்போகிறது. ஆனால் கயிறு கட்டும் இடங்களில் படகின் எடைக்கு நிகரான இழுவிசை வரக்கூடும்; சாதாரண கட்டுக்குமிழ்கள் தாங்கா. உளிக்காரரைப்போன்ற ஒருவரைக்கொண்டு தனி உலோகப் பட்டைகளை உடலோடு போல்ட் போட்டு இறுக்கச் செய்யுங்கள்.

நெடுந்திரை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். வீட்டில் எடைத்தராசை வைத்து எல்லாவற்றையும் நிறுத்தோம். மகள் கணக்கை எழுதினாள். முதலில் 2,430 கிலோ வந்தது. கடல்நீரை நன்னீராக்கும் கருவி வைத்துக் குடிநீரை 300 லிட்டராகவும், டீசலை 250 லிட்டராகவும் குறைத்து, கருவிகளிலும் உடைகளிலும் கைவைத்ததில் 1,760 கிலோவில் நிற்கிறது. இரண்டாவது படகை வடிவமைத்தவரின் தாளில், தொட்டிகளையும் சேர்த்து 1,800 கிலோ தாங்கும் என்று இருக்கிறது. ஆகவே ட்ரைமரனையும் முதல் படகையும் கைவிட்டு, டேகர்போர்டு படகையே தேர்ந்தோம்.

நேற்று அளக்கப் போனேன். விற்பவர் படகு காலியாக இருப்பதாகச் சொன்னார். தொட்டிகளும் காலியாகவே இருந்தன. ஆனால் நான்கு மூலைகளிலும் அளந்ததில், வரைபடத்தில் உள்ள வெற்று நீர்மட்டத்தைவிடச் சராசரியாக 6 செ.மீ. தாழ்ந்து மிதக்கிறது. கடல்வழியின் கணக்கில் இது 800 கிலோ. எங்கள் சுமையில் ஏறக்குறைய பாதியை, நாங்கள் ஏறுவதற்கு முன்பே அது சுமந்துகொண்டிருக்கிறது.

உளிக்காரர் எழுதியது:

அளந்தது மிக நல்ல வேலை. அந்த 800 கிலோவைக் கண்டுபிடிக்காமல் விலை பேசாதீர்கள். 22 ஆண்டுகளில் சேர்ந்த ஜெனரேட்டர், கூடுதல் பேட்டரிகள், சூரியத் தகடு தாங்கும் வளைவு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய அடிவண்ணம், மறந்துபோன பழைய சங்கிலி ஆகியவை நல்ல எடை. அவற்றைக் கழற்றலாம், சுரண்டலாம். அடுக்குப் பலகைக்குள் புகுந்த நீர் கெட்ட எடை, அது போகாது. நான்கு மூலைகளின் அளவையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு மூலை மட்டும் அதிகம் தாழ்ந்திருந்தால் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

நெடுந்திரை எழுதியது:

வலப்பக்கப் பின்மூலை 9 செ.மீ. இன்று காலை விற்பவரும் நானும் அந்தப் பக்க அறைகளைத் திறந்து எல்லாவற்றையும் துறைமேடையில் எடுத்து வைத்து நிறுத்தோம். பயன்படாத ஜெனரேட்டர், இரண்டு பழைய நங்கூரங்கள், 60 மீட்டர் துருப்பிடித்த சங்கிலி, ஈய-அமில பேட்டரிகள் நான்கு, ஒரு பெட்டி நிறைய எஞ்சின் பாகங்கள் என்று 460 கிலோ கிடைத்தது. படகு மூன்று செ.மீ.க்குச் சற்று மேல் எழுந்தது. மீதி 340 கிலோ இன்னும் தெரியவில்லை. வரும் வாரம் படகைக் கரையேற்றி, அடிவண்ணத்தின் தடிமனையும் பின்தளத்தின் ஈரத்தையும் மதிப்பீட்டாளர் பார்க்கிறார். பின்படிக்கட்டின் அருகே மரச்சுத்தியலால் நான் தட்டியபோது, இரண்டு கை அகலத்திற்கு 'தொப்' என்றே கேட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு துளையிட்டுப் பார்க்க விற்பவர் சம்மதித்திருக்கிறார். அதுவரை முன்பணம் கொடுக்கவில்லை.